மீன்காரி உடம்பு

வங்காளத்து நோனாகாட்டா பஜாரில் ஆன்னாகாளியோடு வாயாடி ஜெயித்தவர்கள் யாரும் இல்லை. "இனிப் பெண் வேண்டாம், காளி" என்று பெற்றவர்கள் சலித்துப்போய் வைத்த பெயர் அது. நம் பக்கத்துப் போதும்பொண்ணு மாதிரி. வேண்டாம் என்பதையே பெயராகச் சுமந்து வளர்ந்தவள், பிறர் தன்னை ஒன்று சொல்வதற்குள் தான் நாலு சொல்லிவிடுவாள். விடியற்காலை கேனிங் லைன் ரயிலில் வந்து இறங்கும் ஆற்றுமீனைக் கூடையில் வாங்கிக்கொண்டு, பலகையில் குந்தி, பெரிய அரிவாள்மணையைக் காலால் அழுத்திக்கொண்டு உட்கார்ந்தாள் என்றால் மத்தியானம்வரை எழுந்திருக்க மாட்டாள். புருஷன் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. மகன் கேரளத்தில் கொத்தனார் வேலையில் இருந்தான். வீட்டில் அவளும் மருமகள் புதுலும்தான்.

அந்த மழைக்காலத்தில் இலிஷ் மீன் வரத்து அதிகம். பனிக்கட்டியோடு பெட்டியைத் தூக்கியபோது இடுப்பில் சுளுக்கிக்கொண்டது. நேராகப் பரிதோஷின் சேம்பருக்குப் போனாள். பரிதோஷ் படித்த டாக்டர் இல்லை. கல்கத்தாவில் ஒரு மருந்துக்கடையில் எடுபிடியாக இருந்து தொழிலைப் பார்த்துக்கொண்டு வந்தவன். ஊரில் வேறு யார் இருக்கிறார்கள்? எல்லாரும் டாக்டர்பாபு என்றார்கள். வெள்ளைச் சட்டையும் மினுக்கும் தலையுமாக, வந்தவர்களைச் சிரிக்கவைத்தே பாதி நோவை இறக்கிவிடுவான் என்று பேர்.

"மாத்திரை தரேன் மாஷி. ரெண்டு நாள் படுத்துக் கிட, சரியாயிடும்" என்றான். பஜாருக்கே அவள் மாஷி, சித்தி முறை.

"நான் படுத்துக் கிடந்தா இலிஷ் தானா நடந்து போய் விலை பேசுமா? ஊசியைப் போடுங்க டாக்டர்பாபு. மாத்திரைக்கெல்லாம் கேக்கற உடம்பா இது?"

"கேக்காதுதான். உன் வாயே கேக்காதே!" என்று சிரித்துக்கொண்டே மருந்தை ஏற்றினான். காதுக்கும் தோளுக்கும் நடுவே செல்போன். யாரிடமோ தன் மைத்துனன் கல்யாணத்துக்குப் பந்தல்காரனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். பேச்சு நிற்கவில்லை, ஊசி மட்டும் பின்பக்கச் சதையில் இறங்கியது.

காய்ச்சிய எண்ணெயைச் சதைக்குள் ஊற்றினால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. ஆன்னாகாளி போட்ட அலறலில் வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள்.

"என்ன மாஷி, நாடகக் கம்பெனியில சேரப் போறியா? அங்க ஒரு நல்ல அழுகாச்சிக்காரி வேணும்னாங்க" என்றான் பரிதோஷ். பெஞ்சு முழுக்கச் சிரித்தது. அவளும் வெட்கப்பட்டுக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து வீடு போய்ச் சேர்ந்தாள்.

சாயங்காலம் புதுல் பார்த்தபோது ஊசி போட்ட இடம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. அதைச் சுற்றிலும் நீலமும் ஊதாவுமாகக் கோடுகள், மீன்வலையை விரித்துப் போட்டதுபோல. மறுநாள் பரிதோஷைக் கூட்டிவந்தாள். எட்ட நின்று பார்த்துவிட்டு, "கெட்ட ரத்தம் வெளியேறுது. வெந்நீர் ஒத்தடம் குடு" என்று சொல்லிப் போனான். புதுல் ஒத்தடம் கொடுத்தாள். வலை கறுத்தது, பிறகு ஒன்றாகச் சேர்ந்து கரியானது. திரும்பப் போய்க் கூப்பிட்டபோது, சேம்பரில் கூட்டமாக இருக்கிறது என்று வரவில்லை. நாற்றம் எடுத்த அன்று புதுல் யாரையும் கேட்கவில்லை. மாமியாரை ரயிலில் மீன்கூடை ஏற்றும் பெட்டியில் குப்புறப் படுக்கவைத்துக் கல்கத்தா பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாள்.

அங்கே செத்த சதையை வெட்டி எடுத்தார்கள். மூடிய கை நுழையும் குழி ஆனது. தோல் பிரிவில் இருந்த இளவயது டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னாள்.

"சதைக்குள்ள போகவேண்டிய மருந்து ரத்தக்குழாய்க்கிட்ட போய் அதை அடைச்சுடுச்சு. அதனால அந்தப் பக்கத்துத் தோலும் சதையும் செத்துப்போச்சு. ஆயிரத்துல, பத்தாயிரத்துல ஒருத்தருக்கு வரும். நல்ல கையிலகூட வரும் மாஷி."

"அப்போ அவன்மேல தப்பில்லைங்கறீங்களா?"

"வந்தது யார் தப்புன்னு என்னால சொல்ல முடியாது. நீங்க அலறினதும் நிறுத்தியிருக்கணும். நிறம் மாறினதைப் பாத்ததும் அன்னிக்கே இங்க அனுப்பியிருக்கணும். வெந்நீர் ஒத்தடம் குடுக்கச் சொன்னது…" என்று டாக்டரம்மா தலையை ஆட்டிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தபின் மாதக்கணக்கில் குப்புறக் கிடக்க நேர்ந்தது. கட்டுப் பிரித்து, கழுவி, கட்டுப் போடும் வேலை புதுலுடையது. அதுவரை மருமகள் சோறு குழைத்தாலும் மாமியார் வாய் சும்மா இருந்ததில்லை. இப்போது அந்த மருமகள் முன்னால் அப்படிக் கிடக்க நேர்ந்ததே பெரிய தண்டனையாக இருந்தது. தரையில் ஊரும் எறும்பைப் பார்த்துக்கொண்டு பரிதோஷை என்னவெல்லாம் செய்யலாம் என்று யோசிப்பாள். கெளுத்தி முள்ளால் குத்தலாம். அரிவாள்மணையில் விரல்களை நண்டுக்கால்போல ஒவ்வொன்றாக எடுக்கலாம். மாட்டுக்குப் போடும் ஊசியால் போடலாம். வலி அதிகமான நாளில் தண்டனையும் அதிகமாகும்.

ஆனாலும் ஒரு முள் இருந்தது. ஊசி கேட்டது தான்தானே. மாத்திரை தருகிறேன் என்றவனை வேண்டாம் என்றது தன் வாய்தானே. அந்த எண்ணம் வரும்போதெல்லாம் கோபம் கொஞ்சம் தணிந்துபோகும். அப்படியே விட்டிருந்தால் தணிந்தே போயிருக்குமோ என்னவோ. பக்கத்துக் கடையில் நண்டு விற்கும் ஹாருன் பார்க்க வந்தான். அவனுக்கு அவள் தீதி, அக்கா.

"தீதி, சொன்னா கோவிச்சுக்காதே. பஜார்ல அவன் பேசற பேச்சு நல்லால்ல."

"என்ன பேசறான்?"

ஹாருன் தரையைப் பார்த்தான். "ஊசியில என்ன இருக்கு, ஊருக்கே போடறேன்னான். மீன்காரி உடம்பு, கழுவாத உடம்பு, புண்ணு வராம பூவா வரும்னான். எல்லாரும் சிரிச்சாங்க."

ஆன்னாகாளி எறும்பைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள். புதுலுக்குத்தான் பயம் வந்தது. மாமியார் திட்டாமல் இருந்து அவள் பார்த்ததில்லை.

எழுந்து நடமாட முடிந்ததும் பஜார் கமிட்டியில் பிராது வைத்தாள். கமிட்டிச் செயலாளர் நிதாய் போத்தார், ஜவுளிக்கடைக்காரர். ஊர்க் கிளப்பில் கேரம் பலகையை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பஞ்சாயத்து. பரிதோஷ் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். ஆன்னாகாளிக்கும் ஒரு நாற்காலி போட்டார்கள். அதைப் பார்த்துவிட்டுத் தூணில் சாய்ந்து நின்றுகொண்டாள்.

"மாஷி, ஆனது ஆயிப்போச்சு" என்றார் நிதாய். "வைத்தியச் செலவைத் தந்துடறேங்கறார் டாக்டர். வாங்கிக்கிட்டு இதோட விட்டுடு."

"அதை அவரே வெச்சுக்கட்டும். எனக்கு வேண்டியது வேற."

"என்ன வேணும்?"

"அதே மருந்து. அதே இடம். அவருக்குப் போடணும். மருந்துல தப்பில்ல, கையில தப்பில்ல, என் கழுவாத உடம்புலதான் தப்புன்னாரில்ல? அவருது கழுவின உடம்புதானே. போட்டுப் பாப்போம்."

ஜன்னலில் தொங்கிக்கொண்டிருந்த கூட்டம் "சரியாச் சொன்னே மாஷி!" என்று கூவியது. பரிதோஷ் சிரித்துப் பார்த்தான், சட்டம் பேசினான், நிதாயின் முகத்தைப் பார்த்தான். கூட்டம் விடவில்லை. கடைசியில் எழுந்து, "போடுங்கய்யா, போடுங்க. ஊசிக்குப் பயந்தவன் ஊசி போடுவானா?" என்றான்.

மருந்துக்கடை சுபோலைக் கூப்பிட்டார்கள். உள்ளறைக்குப் போகும்போது ஆன்னாகாளியும் பின்னால் நடந்தாள்.

"நீ எங்க வர்றே?"

"என்னுதை அவர் பாத்தாரில்ல? நானும் பாக்கணும்."

கிளப்பே குலுங்கியது. அவள் சிரிக்கவில்லை. கதவில் நின்று பார்த்தாள். மேஜையைப் பிடித்திருந்த பரிதோஷின் விரல்கள் வெளுத்திருந்தன. ஊசி இறங்கியபோது "அம்மா" என்று ஒரு முனகல் அவனை அறியாமல் வந்தது. படுக்கையில் விழுந்த நாளிலிருந்து அவள் வாய்க்கு ருசித்த முதல் பண்டம் அதுதான்.

ஆனால் அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. தடவிவிட்டுக்கொண்டே வெளியே வந்தான். மறுநாள் மோட்டார் சைக்கிளில் காலை அகட்டி உட்கார்ந்து பஜாரை ஒரு சுற்று வந்து, ஹாருன் கடைப்பக்கம் நின்றிருந்த ஆன்னாகாளியைப் பார்த்து வேகத்தைக் குறைத்து, "கழுவின உடம்பு மாஷி!" என்று சொல்லிவிட்டுப் போனான். அந்த வாரம் சேம்பரில் நிற்க இடம் இல்லை. டாக்டர் தனக்கே போட்டுக் காட்டிய மருந்தாயிற்றே!

"டாக்டரம்மா அன்னிக்கே சொன்னாங்களேம்மா, பத்தாயிரத்துல ஒருத்தருக்குத்தான்னு" என்றாள் புதுல். "உங்க காதுலதான் ஏறல."

"ஏறிச்சுடி. அந்த ஒருத்தனா அவன் இருந்துட்டுப் போகட்டும்னுதான் பாத்தேன்."

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை அவளுக்கு. மூன்றாம் நாள் தச்சனிடம் போய் இடுப்பளவு உயரத்தில் ஒரு மேஜை அடிக்கச் சொல்லி, அரிவாள்மணையை அதன்மேல் ஆணியடித்து இறுக்கினாள். உட்கார முடியாது என்றால் நின்று நறுக்குவது. கடைக்கு அவள் பிடித்த இடம் சேம்பருக்கு நேர் எதிர். ஹாருனும் நண்டுக்கூடையைப் பக்கத்திலேயே கொண்டுவந்து வைத்துக்கொண்டான்.

மீன்காரி மேடை போட்டு நறுக்குகிறாள் என்று வேடிக்கை பார்க்கவே ஆட்கள் வந்தார்கள். நின்று நின்று அவள் கால் வீங்கியது. பழைய வேகம் இல்லை. ஆனால் கண்ணுக்கு வேலை கூடிவிட்டது. சேம்பரிலிருந்து யாராவது நொண்டிக்கொண்டு வந்தால் போதும்.

"எங்க போட்டார் தம்பி? இடதா, வலதா?"

"சும்மா இரு மாஷி."

"சொல்லிட்டுப் போப்பா. பொழுது சாயறதுக்குள்ள ஒருக்கா கண்ணாடியில பாத்துக்கோ. வலை விரிச்ச மாதிரி தெரிஞ்சா ஒத்தடம் குடுக்காதே, ரயில் ஏறிடு."

உள்ளே போகிறவர்களிடம், "வாயால முழுங்கற மருந்தாக் கேளு அண்ணே. நான் கேக்காம கெட்டேன். என் பின்பக்கத்தைக் கேட்டா அதுவே சொல்லும்" என்பாள். சிலர் திட்டினார்கள். சிலர் சிரித்தார்கள். ஆனால் சேம்பருக்குள்ளே "மாத்திரையே குடுங்க டாக்டர்பாபு" என்ற குரல்கள் ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கின. மீன்நாற்றம் நோயாளிகளுக்கு ஆகவில்லை என்று பரிதோஷ் கமிட்டியில் முறையிட்டான். நிதாய் வந்து பார்த்தார்.

"கடையைக் கொஞ்சம் தள்ளிப் போடேன் மாஷி. நாத்தம் ஆகலைன்னு டாக்டர் சொல்றார்."

"நாத்தமா? போன வருஷம் வரைக்கும் கட்லாத் தலையை மோந்து மோந்து பாத்து வாங்கிட்டுப் போன டாக்டர் மூக்குதானே அது?"

நிதாய் ஜவுளிக்கடைக்குத் திரும்பிவிட்டார்.

ஒரு நாள் கூட்டம் கலைந்த வேளையில் பள்ளிக்கூடச் சமையல்காரி மாயாராணி வந்தாள். மீனைப் பார்க்கிறமாதிரி குனிந்து, "மாஷி, எனக்கும்…" என்றாள்.

"எங்க?"

"அங்கதான்."

மேஜைக்குப் பின்னால் சாக்கைத் திரையாகக் கட்டி ஆன்னாகாளி பார்த்தாள். சின்னக் கிண்ணம் பதிந்ததுபோல் ஒரு பள்ளம், பழைய தழும்பு.

"இத்தனை நாளா ஏண்டி வாயைத் திறக்கல?"

"எந்த வாயால சொல்ல? கைன்னா காட்டலாம், காலுன்னா காட்டலாம். புருஷன்கிட்டயே கட்டின்னுதான் சொன்னேன். நீ கிளப்புல நின்னு பேசினியே, அதுக்கப்பறம் தூக்கம் வரல."

மாயாராணிக்குப் பின்னால் இன்னொருத்தி வந்தாள். பிறகு வேறொருத்தி. எல்லாருக்கும் ஆன்னாகாளிக்கு ஆனதுபோல் கரியாகிப் போகவில்லை. சிலருக்குச் சீழ் வைத்திருந்தது, சிலருக்குக் கல்லாக இறுகிக் கிடந்தது. எல்லாரையும் பரிதோஷ் ஒத்தடம் கொடுக்கச் சொல்லி, வெளியில் சொன்னால் உனக்குத்தான் வெட்கம் என்றும் சொல்லியிருந்தான். ஆன்னாகாளி கேட்டுக்கொண்டு மீன் செதிலைச் சீவினாள். தனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்த கோபத்துக்குக் கூட்டாளிகள் கிடைத்ததில் ஒரு குரூரமான சந்தோஷம். அவர்களுக்காகப் பரிதாபப்பட்டாளா என்றால், அது பிற்பாடுதான் வந்தது.

அவள் எதிர்பாராத ஆள் ஒருத்தி இருந்தாள். நிதாயின் தாயார், எல்லாரும் ஜேட்டிமா, பெரியம்மா, என்பார்கள். மீன் தொடாத விதவை. சுத்தப் பைத்தியம் என்றால் அப்படி ஒரு பைத்தியம். செம்பில் கங்கைத்தண்ணீரை வைத்துக்கொண்டு தான் கால் வைக்கும் இடமெல்லாம் தெளித்துக்கொண்டே நடப்பாள். காக்காய் நிழல் பட்டாலும் குளத்தில் இறங்கிவிடுவாள். அவள் மீன்கடைப் பக்கம் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து நின்றதும் ஹாருன் நண்டுக்கூடையை மூடிவிட்டான்.

"கிட்ட வராதே, அங்கயே நில்லு. தண்ணி தெறிக்கும்" என்றாள் ஜேட்டிமா. "நீ என்னமோ பொம்பளைங்களைச் சேத்துக்கிட்டு இருக்கியாமே?"

"நான் யாரையும் கூப்பிடல. அவங்களா வர்றாங்க."

ஜேட்டிமா நாலு பக்கமும் பார்த்தாள். "முட்டிவலின்னு போனேன். எனக்கும் போட்டான், கடங்காரன். குளத்துல இறங்க முடியாம நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பிள்ளைகிட்டகூடச் சொல்லல." குரல் திடீரென்று உயர்ந்தது. "கழுவாத உடம்புக்குத்தான் வரும்னானாமே? என் மூஞ்சிக்கு நேரா வந்து சொல்லட்டும் அதை!"

சந்தை நாளன்று, ஊரெல்லாம் பஜாரில் இருந்த நேரத்தில், பெண்கள் சேம்பர் வாசலில் வரிசையாக நின்றார்கள். முன்னால் ஜேட்டிமா, செம்போடு. நோயாளிகள் என்று நினைத்துப் பரிதோஷ் சிரித்துக்கொண்டே எட்டிப் பார்த்தான்.

"பரிதோஷ், இங்க வா. படியில நில்லு" என்றாள் ஜேட்டிமா. "நான் ஒரு நாளைக்கு எத்தனை தடவை குளிக்கிறேன்?"

அவனுக்குப் புரியவில்லை. கூட்டத்தில் ஒருவன், "குளத்து மீனுக்கே சளி பிடிக்கற அளவுக்கு!" என்றான்.

"கேட்டுக்கோ. இப்பச் சொல்லு, என் உடம்புல எங்க அழுக்கு இருந்தது? எதுக்கு எனக்குப் புண்ணு வந்தது?"

நிதாய் போத்தார் ஜவுளிக்கடையிலிருந்து ஓடிவந்தார். "அம்மா, என்ன இது? எப்போ வந்தது? வீட்டுக்கு வாம்மா…"

"சும்மா இருடா. இவன்கிட்டப் பேசிட்டு இருக்கேன். கெட்ட ரத்தமாமே பரிதோஷ்? போத்தார் வீட்டு ரத்தம் கெட்ட ரத்தமா?"

"ஜேட்டிமா, அது… உங்களுது வேற…"

"எனக்கும் வேறயா டாக்டர்பாபு?" என்றாள் மாயாராணி. "எனக்கு?" என்றாள் அடுத்தவள். வரிசை முழுக்க அந்த ஒரு வார்த்தை நடந்து போனது. நிதாய் பரிதோஷைப் பார்த்த பார்வையில், இனிக் கமிட்டி அவன் பக்கம் இல்லை என்று ஊருக்கே தெரிந்துபோயிற்று.

ஆன்னாகாளி அதுவரை எதிர்க்கடையில் ஒரு கட்லாவை நறுக்கிக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"என் உடம்பைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னீங்க. அதைத் திருப்பி எடுத்துக்குங்க."

பரிதோஷின் மினுக்கும் தலை குனிந்தது. "தப்பு என்னுதுதான் மாஷி."

"சத்தமா. ஹாருனுக்குக் காது மந்தம்."

ஹாருன் காதில் கையை வைத்துக்கொண்டான். "தப்பு என்னுதுதான்!" என்று பரிதோஷ் கத்தினான், குரல் உடைந்தது. சந்தையே பார்த்தது. பிறகு கதவைச் சாத்திக்கொண்டான்.

அடுத்த மழைக்காலம் வருவதற்குள் சேம்பரைக் காலி செய்துவிட்டு, சில ஸ்டேஷன் தள்ளி ஷோலாமாரியில் புதுப் பலகை மாட்டினான். ஊர் அதோடு அவனை மறந்துவிட்டது. நிதாயின் முயற்சியில் வாரத்துக்கு ஒரு முறை அரசாங்க நர்ஸ் வரத் தொடங்கினாள். ஆன்னாகாளியின் புண் ஆறிவிட்டது, ஆனால் தோல் சுருங்கி இழுத்துக்கொண்டது. ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் உட்கார முடியும், அதுவும் கொஞ்ச நேரம்.

ஒரு செவ்வாய்க்கிழமை அவள் கூடையில் டெங்க்ரா மீனை எடுத்துக்கொண்டு ரயில் ஏறினாள். புதுல் ஸ்டேஷன் வரை பின்னாலேயே வந்தாள்.

"மன்னிப்பும் கேட்டாச்சு, ஊரைவிட்டும் போயாச்சு. இன்னும் என்னம்மா வேணும் உங்களுக்கு?"

"அவன் மன்னிப்புக் கேட்டான். நான் மன்னிச்சேன்னு சொன்னேனா மருமகளே?"

ஷோலாமாரியில் புது சேம்பர் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. நீலச் சாயம் அடித்த ஜன்னல். உள்ளே ஒரு பெரியவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். பரிதோஷ் மருந்தை ஏற்றி, ஊசியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். அப்போதுதான் ஜன்னலுக்கு அப்பால் தலையில் கூடையோடு நிற்பவளைக் கண்டான்.

அவள் கூடையை இறக்காமல் அவனையே பார்த்தாள். அவன் கை அப்படியே நின்றது. பிறகு மெல்ல இறங்கி, ஊசியைத் தட்டில் வைத்தது.

"என்ன டாக்டர்பாபு, போடலியா?" என்றார் பெரியவர்.

"வேண்டாம் பெரியவரே. மாத்திரையே போதும்."

ஆன்னாகாளி திரும்பித் தெருவில் நடந்து, "டெங்க்ரா! உயிர் டெங்க்ரா!" என்று கூவினாள். மீன் சீக்கிரமே விற்றுப்போனது. அடுத்த செவ்வாயும் போனாள்.